பழைய போக்கிமான் கார்டின் தரத்தையும் விலையையும் வீட்டிலேயே கணிப்பது எப்படி?

பரணில் கிடைத்த கார்டுகளில் 1995 என்று அச்சாகியிருக்கிறது, லட்சத்துக்குப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே 1995-ஐப் பார்த்துவிட்டுத்தான் புனலூரில் இருக்கும் என் அத்தான் ரயிலேறி செங்கோட்டைக்கு வந்தார். அது பதிப்புரிமைக் குறிப்பில் வரும் ஆண்டு, அவ்வளவுதான். இந்தக் கார்டுகள் ஜப்பானில் வந்ததே 1996 அக்டோபரில். ஆங்கிலத்தில் 1999 ஜனவரியில்.

அத்தானின் கட்டு மாமா துபாயிலிருந்து வாங்கி வந்தது. மேலாக இருந்தது சாரிசார்ட் என்ற போக்கிமானின் கார்டு, எண் 4/102, அதாவது 102 கார்டு கொண்ட தொகுப்பில் நான்காவது. நிலப் பத்திரம் மாதிரி இரண்டு கையாலும் எடுத்து வைத்து, "பாத்துச் சொல்லுடே" என்றார். நான் எடுத்த எடுப்பில் அதைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

காரணம் இருக்கிறது. பின்பக்க ஓரம் கருநீலம். மூலையோ விளிம்போ கொஞ்சம் தேய்ந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளைக் காகிதம் பளிச்சென்று தெரியும். மஞ்சள் ஓரம் உள்ள முன்பக்கத்தில் அதே தேய்மானம் கண்ணில் படாது. அத்தான் கார்டில் நான்கு மூலையும் வெளுத்திருந்தன. போதாக்குறைக்கு, நடுவில் நீல பால்பாயிண்ட் பேனாவில் அவர் பெயரும் 'ஆறாம் வகுப்பு பி'யும். பள்ளியில் திருட்டுப் போகக்கூடாது என்று எழுதினாராம்! அழிரப்பரைத் தேடினார், தடுத்துவிட்டேன். தேய்த்தால் மேல்பூச்சும் சேர்ந்து போகும், விற்கும்போது அது இன்னும் பெரிய குறை.

அப்புறம் முன்பக்கம். விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கார்டை மெல்லச் சாயுங்கள். ஹோலோ கார்டில், அதாவது படம் பளபளக்கும் கார்டில், முடி மாதிரி கீறல்கள் அப்போதுதான் தெரியும். ஒரே ஒரு மடிப்புக் கோடு இருந்தாலும் மற்ற அழகெல்லாம் கணக்கில் வராது. கடைசியாக ஸ்கேல்: இடது ஓரம் 2 மி.மீ., வலது ஓரம் 3 மி.மீ. என்றால் அது 40-க்கு 60. பாதிக்குப் பாதிக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

போலியா என்று பார்க்க, உங்களிடம் உள்ள ஒரு சாதாரண அசல் கார்டை அருகில் வைத்து நீலத்தையும் எழுத்தின் தடிமனையும் ஒப்பிடுங்கள். திருவிழாக் கடையில் பாக்கெட்டாக விற்கும் தங்க நிற பிளாஸ்டிக் கார்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

விலைக்கு முதலில் அடியில் இருக்கும் எண்ணும் குறியும் வேண்டும். வட்டம் சாதாரணம், வைரம் நடுத்தரம், நட்சத்திரம் அரிது. 1999 கார்டு என்றால் படத்தின் இடதுபக்கக் கீழ்மூலைக்கு அடியில் முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கணக்கே வேறு. பிறகு ஈபே விற்பனைத் தளத்தில் கார்டின் பெயரோடு அதே எண்ணைத் தேடி, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டுங்கள். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் போடலாம். கார்டுகளைத் தரம்பிரிக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனத்திடம் பத்துக்குப் பத்து (பி.எஸ்.ஏ. 10) என்று தரச்சான்று பெற்ற கார்டின் விலையை உங்கள் கையில் இருப்பதோடு ஒப்பிடாதீர்கள். அத்தான் அங்கேதான் ஏமாந்தார். உங்கள் கார்டு மாதிரியே மூலை வெளுத்தது எவ்வளவுக்குப் போனது என்று தேடுங்கள். சாதாரண கார்டைத் தரச்சான்றுக்கு வெளிநாடு அனுப்பினால் தபால் செலவுகூடத் தேறாது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. சாரல் காலத்தில் ஹோலோ கார்டுகள் அப்பளம் மாதிரி வளையும். காகிதம் ஈரத்தை இழுத்து விரிகிறது, அதன் மேல் இருக்கும் பளபளப்புத் தாள் விரிவதில்லை. மடிப்பு விழாதவரை இதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதீர்கள். ஸ்லீவில் (கார்டுக்கான பிளாஸ்டிக் உறையில்) போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் சில நாள், பிறகு கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் இங்கேயே படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். முதலில் பின்பக்கம்.