எவ்வளவு சாப்பிட்டாலும் என் இளம் நாய் இளைத்துக்கொண்டே போகிறது, என்ன செய்வது?

ஒரு வயதுகூட நிரம்பாத ஜெர்மன் ஷெப்பர்ட், வைத்த சோற்றையெல்லாம் தின்றுவிட்டு மேலும் கேட்கிறது, ஆனாலும் நாளுக்கு நாள் இளைக்கிறது, பூச்சி மருந்து கொடுத்தும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தீவனத்தை மாற்றிப் பாருங்கள் என்று இதற்குள் பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன், கணையம் வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எல்.ஐ. (TLI) என்ற ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். கணையம் செரிமான நீரைச் சுரக்காத ஒரு நாயை வளர்த்து வருபவன். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ராணியும் ஜெர்மன் ஷெப்பர்ட்தான். தட்டை நக்கித் துடைத்த கையோடு மாட்டின் கழுநீர்த் தொட்டியில் வாய் வைப்பாள். அவள் கழித்தது வெளிறிய மஞ்சள் நிறத்தில், சாப்பிட்டதைவிட அதிகமோ என்று தோன்றும் அளவுக்குக் குவிந்து கிடக்கும். சிமெண்ட் தரையைக் கழுவத் தண்ணீர் ஊற்றினால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதையே திரும்பத் தின்னவும் முயல்வாள். இரவில் அவள் வயிறு கடமுடவென்று உருளும் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். "தின்ன சோறு ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதே கண்ணு" என்று அம்மா புலம்பியதில், பின்னால் தெரியவந்த நோய் முழுவதும் அடங்கியிருந்தது.

அந்த நாட்களில் என்னை அதிகம் வருத்தியது ஊரார் பேச்சு. எலும்பு துருத்திய நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடந்தால், பட்டினி போட்டுக் கொல்கிறான் என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உறவில் மாமா முறையாகும் ஒருவர், "சீக்கு நாயை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற மாப்ள, பைபாஸ் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு" என்று சாதாரணமாகச் சொன்னார். நன்றாகத் தின்கிற, விளையாட ஆசைப்படுகிற, வைத்தியம் உள்ள ஒரு நாய்க்கு இப்படித் தீர்ப்பு எழுதுவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இனி மருத்துவத்துக்கு வருகிறேன். நாங்கள் முதலில் சென்ற ஒரு தனியார் மருத்துவமனையில் அமிலேஸ், லைபேஸ் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் ஒரு ஸ்கேனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையம் நன்றாக இருக்கிறது, இந்த இனமே இப்படித்தான் ஒல்லியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். உங்களுக்கும் இதைச் சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நாயின் ரத்தத்தில் உள்ள அமிலேஸும் லைபேஸும் கணையத்திலிருந்து மட்டும் வருபவை அல்ல. குடல் போன்ற வேறு உறுப்புகளிலிருந்தும் வருவதால், கணையம் ஏறக்குறைய முழுவதும் வற்றிய நாயிலும் அவை சரியான அளவில் இருக்கலாம். ஸ்கேனும் இந்த நோயை உறுதிசெய்யாது. ஆடு மாடுகளைப் பார்ப்பதற்கே நேரம் போதாத நம் பகுதி மருத்துவர்கள் எல்லோரையும் நான் குறை கூறவில்லை, டி.எல்.ஐ. எடுக்கச் சொன்னவரும் நம் மாவட்டத்து மருத்துவர்தான்.

டிரிப்சின் என்ற செரிமான நொதியின் மூலப்பொருளைக் கணையம் மட்டுமே உண்டாக்குகிறது. அதில் மிகச் சிறு பங்கு இயல்பாகவே ரத்தத்தில் கசியும். அதை அளப்பதுதான் டி.எல்.ஐ. உண்டாக்கும் செல்கள் அழிந்துபோனால் கசிவதற்கும் ஒன்றும் இருக்காது என்பதால் அளவு சரிந்துவிடும். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் நோய் உறுதி, ஏறத்தாழ 5.7க்கு மேல் இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். இடைப்பட்டு வந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். முந்தைய இரவே உணவை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். எங்கள் மருத்துவர் ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுக்க, நான் பேருந்தில் பெங்களூருக்குக் கொண்டுபோய் ஓர் ஆய்வகத்தில் சேர்த்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். தர்மபுரிப் பக்கம் இருப்பவர் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பார்க்கலாம்.

ராணியின் அளவு 2.5க்கு வெகு கீழே இருந்தது. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் பெரும்பாலும் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தச் செல்களைச் சிறுகச் சிறுக அழித்துவிடுகிறதாம். ஏறத்தாழ 90 சதவீதம் போன பிறகுதான் வெளியில் அறிகுறி தெரியும். நீங்கள் கொடுத்த ஏதோ ஓர் உணவால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதில் மரபுவழித் தொடர்பு இருப்பதால், குட்டி போட விடக் கூடாது.

போன செல்கள் திரும்பி வருவதில்லை. கணையம் கொடுக்காத நொதியை நாம் ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் பொடியாகக் கலந்து கொடுக்க வேண்டும், ஆயுள் முழுவதும். 10 கிலோ எடைக்கு வேளைக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் தொடங்கி, மலத்தைப் பார்த்து மருத்துவர் கூட்டிக் குறைப்பார். மேலுறை பூசிய மாத்திரைகளைவிடப் பொடியே பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. பொடி உலர்ந்தபடி வாயில் ஒட்டினால் ஈறும் உதடும் புண்ணாகி ரத்தம் வரும். ஆகவே வெந்நீர் கலக்காமல், வெதுவெதுப்பான ஈரச் சோற்றில் நன்றாகப் பிசைந்து கொடுங்கள். பொடியை மூச்சில் இழுத்துவிடாமல் நீங்களும் கவனமாக இருங்கள்.

பச்சைக் கணையமும் பயன்படும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து நீட்டியது சுவரொட்டி. மண்ணீரலான அதில் இந்த நொதி கிடையாது. கணையம் வெளிர் நிறத்தில், குடலை ஒட்டிக் கிடக்கும். அதைப் பச்சையாகத்தான் கொடுக்க வேண்டும், வேகவைத்தால் நொதி செத்துவிடும். பச்சையாகக் கொடுப்பதில் கிருமித் தொற்று அபாயமும் இருப்பதால் நாங்கள் பொடியோடு நின்றுகொண்டோம்.

பலர் கோட்டைவிடும் இடம் பி12. இந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வைட்டமின் குறைந்திருக்கும்; அது சரியாகாத வரை எவ்வளவு பொடி கொடுத்தாலும் உடம்பு தேறாது. வாரம் ஒன்றாக ஆறு ஊசி, பிறகு இடைவெளி விட்டு என்பதுதான் வழக்கமான முறை. டி.எல்.ஐ.க்கு எடுக்கும் ரத்தத்திலேயே பி12, ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். குடலில் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தால் சில காலம் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படலாம்.

நம் பக்கத்தில் நாய்க்குக் களியும் கூழும் கொடுத்தே பழகிவிட்டோம். கேழ்வரகை நான் இழிவுபடுத்துவதாகத் தயவுசெய்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டிலும் தினமும் களிதான். ஆனால் நார்ச்சத்து மிகுந்தால் நொதியின் வேலை குறையும் என்பதால், ராணிக்கு மட்டும் குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் என்று மாற்றினோம். முதல் வாரத்திலேயே மலம் கெட்டிப்பட்டது. எடை ஏற மாதங்கள் ஆயின. இப்போது அவள் முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடறுவதில்லை.

மனிதனுக்கே மருந்து வாங்க வழியில்லாதபோது நாய்க்கு இவ்வளவு செலவா என்று சிலர் கேட்பார்கள். செலவு உண்டு, மாதாமாதம் உண்டு. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். குட்டியாக வாங்கிவந்து தோப்புக் காவலுக்கு நிறுத்திய ஓர் உயிருக்கு அதைச் செய்வது எங்கள் கடமை என்று நாங்கள் நினைக்கிறோம், அவ்வளவுதான்.

பொடி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. டப்பா பாதி காலியானதுமே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். ஒரு வேளை தவறினாலும் மறுநாள் காலையில் அந்த மஞ்சள் குவியல் திரும்பிவிடும்.