தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 31. நான்கு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. ஓராண்டாகத் தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. சென்ற மாதப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 22 என்றும் புரோலாக்டின் 48 என்றும் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பி, "அக்கா, மூளைக்கு அடியில் கட்டி இருக்கலாம். இதற்கு ஒரு பெரிய மருத்துவமனையில் புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது. ஸ்கேன் இலவசம், 10,000 ரூபாயும் தருவார்கள். இரண்டு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார். சேரலாமா? மறுத்தால் அரசு மருத்துவமனையில் நான் பெறும் சிகிச்சைக்குச் சிக்கல் வருமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுப்பதால் உங்கள் சிகிச்சைக்கு எந்தத் தடையும் வரக்கூடாது என்பது விதி. அப்படி யாராவது மிரட்டினால், அந்த மிரட்டல் ஒன்றே அந்த ஆய்விலிருந்து விலகி நிற்கப் போதுமான காரணம்.

உங்களைப் பயமுறுத்திய 48 என்ற எண்ணை, அதாவது பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் அளவை முதலில் பார்ப்போம். பிட்யூட்டரி என்பது மூளையின் அடிப்பகுதியில், எலும்புக் குழி ஒன்றில் அமர்ந்திருக்கும், ஏறக்குறைய அரை கிராம் எடையுள்ள சுரப்பி. தைராய்டு போதிய அளவு சுரக்காதபோது மூளை பிட்யூட்டரியை அதட்டுகிறது, அது தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனைக் கூட்டி அனுப்புகிறது. அதே அதட்டல் பக்கத்திலேயே இருக்கும் புரோலாக்டின் சுரக்கும் உயிரணுக்களின் காதிலும் விழுவதால் புரோலாக்டினும் உயர்ந்துவிடுகிறது. உங்கள் டி.எஸ்.ஹெச். 22 என்பது, சாப்பிடும் மாத்திரை உடலுக்குப் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. இந்த நிலையில் புரோலாக்டின் 48 ஆக இருப்பதற்குக் கட்டியைத் தேட வேண்டிய அவசியமில்லை. 200-ஐத் தாண்டினால் புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்ற சந்தேகம் மிகவும் வலுக்கிறது.

புரோலாக்டின் உயர இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம், அவற்றைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்று, கர்ப்பம், மாதவிலக்கு தள்ளிப்போகும் 31 வயதுப் பெண்ணுக்கு வேறு எதற்கும் முன்னால் சிறுநீரில் அதைப் பார்த்தாக வேண்டும். மற்றொன்று, கேஸ் மாத்திரை. டோம்பெரிடோன் சேர்ந்த கேஸ் மாத்திரையைச் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது நம் பகுதியில் வெகு சாதாரணம். அது புரோலாக்டினை நன்றாகவே உயர்த்தும்.

இலவச ஸ்கேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த நோயும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் சுமார் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சின்னஞ்சிறு புள்ளி ஏதாவது தெரியும். பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தைராய்டு குறைந்து நாளாகிவிட்டால் பிட்யூட்டரியே வீங்கிக் கட்டி போலத் தோன்றி, சரியான அளவு மாத்திரையில் தானாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. இதை அறியாமல் எடுத்த ஸ்கேனால் தூக்கம் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்து என்ற அந்த அறிவுரைக்கு வருகிறேன். என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். இரண்டு வாரம் நிறுத்தினால் மாத்திரை கொடுத்ததில் கால் பங்குதான் மிஞ்சும், டி.எஸ்.ஹெச். மேலும் ஏறும், புரோலாக்டினும் உடன் ஏறக்கூடும், கட்டி என்று அவர் சொன்னது உண்மை போலவே காகிதத்தில் தெரியும். ஆய்வுக்குத் தகுதியான நோயாளி ஒருவரை இப்படி உருவாக்கிவிடலாம். நேர்மையான ஆய்வில், மருந்தை நிறுத்த வேண்டியிருந்தாலும், அதைச் சொல்பவர் ஆய்வு மருத்துவராக இருப்பார், சொல்வது நீங்கள் சம்மதித்த பிறகாக இருக்கும், காரணமும் எழுத்தில் இருக்கும். ரத்தம் எடுக்கும் குழாயோடு வாசலில் நிற்பவர் சொல்ல மாட்டார்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பிளாஸ்டிக் பையில் இப்படி ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். பதினெட்டுப் பக்கம், கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது, அங்கே கையெழுத்திட வேண்டும் என்பதற்காக. மற்ற பக்கங்களின் ஓரங்கள் கசங்கவே இல்லை. யாரும் புரட்டியதில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. அழைத்துவந்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு உண்டு என்பதை அந்த அம்மா பிறகுதான் அறிந்தார்.

ஆய்வுகளே கூடாது என்பது என் கருத்தல்ல. புரோலாக்டின் கட்டியை இன்று பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சையே இல்லாமல் கேபர்கோலின் மாத்திரையால் சுருக்க முடிகிறதென்றால், யாரோ ஆய்வுக்கு உடன்பட்டதால்தான் அது முடிகிறது. ஆனால் ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. உங்களுக்குப் புது மருந்து கிடைக்கலாம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கிடைக்கலாம். எது என்பதை உங்கள் மருத்துவர்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆகவே அந்தத் தம்பியிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். முதலாவது, பதிவு எண். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை மத்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி ஆண்டு, மாதம், ஆறு இலக்க எண் என்று வரும். இணையத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. எண் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இரண்டாவது, ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். பயணச் செலவும் அன்றைய கூலி இழப்பும் தருவது முறைதான். அந்தத் தொகையும் குழு ஏற்று, படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன 10,000 ரூபாய் தூண்டில். அதே விதிகளின்படி, சோதனையில் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும், கேடு சோதனையால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி உங்கள் கையில் இல்லாவிட்டால் அந்த இழப்பீட்டை வாங்கப் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

இவ்வளவு விதி இருந்தும், குழுவின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தமிழ்ப் படிவமோ, வக்கீலுக்கே இரண்டு முறை படிக்க வேண்டிய தமிழில் இருக்கிறது. விடியற்காலை வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு அரை நாள் கூலியை இழக்கும் பெண்ணுக்கு, வீடு தேடி வருபவர் நல்லவராகத் தெரிவதில் வியப்பில்லை. அவருடைய வேலையை எளிதாக்குவது நம் ஏற்பாட்டின் அலட்சியம்தான், இதை எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் குறித்துக்கொள்கிறார்களே தவிர ஒன்றும் மாறவில்லை.

உங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தாலும் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். டி.எஸ்.ஹெச். ஒன்றை மட்டும் வைத்துத் தைராய்டைத் தீர்மானிப்பது, பிட்யூட்டரி நலமாக இருக்கும்வரைதான் செல்லும். பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல், எப்போதும் களைப்பாக இருக்கும் பெண்ணுக்குப் பிட்யூட்டரியே பழுதடைந்திருக்கலாம். அவருக்கு டி.எஸ்.ஹெச். சரியாக இருப்பதுபோலவே காட்டும், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் மட்டும் குறைந்திருக்கும். அதைக் கண்டு தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கிவிட்டால், ஏற்கெனவே குறைந்திருக்கும், உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கார்ட்டிசால் ஹார்மோன் அறவே போதாமல் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் கார்ட்டிசாலைப் பார்த்து அதை ஈடுகட்ட வேண்டும், தைராய்டு மாத்திரை அதற்குப் பிறகுதான். உங்கள் பிரசவத்தில் அப்படி ரத்தப்போக்கு இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டி மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். டீ டம்ளரோடு மாத்திரையை விழுங்கும் பழக்கம்தான் பல வீடுகளில் அளவு போதாமல் போவதற்குக் காரணம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடி வளர்ச்சிக்குப் பயோட்டின் சாப்பிடுபவராக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், எண்களைப் புரட்டிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச்., டி4, புரோலாக்டின் மூன்றையும் மீண்டும் பாருங்கள். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். டி.எஸ்.ஹெச். சரியான பிறகும் புரோலாக்டின் இறங்காமல் இருந்தாலோ, அதற்குள் விடாத தலைவலியோ பக்கவாட்டுப் பார்வை மங்குவதோ தெரிந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதையும் உங்கள் மருத்துவரின் சீட்டில் எடுங்கள்.