ஸ்பான்சர், வாடிக்கையாளர், திட்ட மேலாளர்: பொறுப்புகளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டவர் அண்மையில்தான் திட்ட மேலாளர் ஆகியிருக்கிறார் என்றும், ஸ்பான்சருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வராமலும் வாடிக்கையாளரின் ஆட்கள் நாளுக்கொரு மாற்றம் கேட்பதாலும் நடுவில் நின்று தவிக்கிறார் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன் என்பதால்தான் இந்தப் பதில் சற்று நீள்கிறது.

பணம் ஒதுக்குவதும், திட்டம் எதற்காக என்பதை உறுதிசெய்வதும், தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பதும் ஸ்பான்சரின் பொறுப்பு. என்ன வேண்டும் என்று சொல்வதும், செய்து கொடுத்ததைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வதும், அதற்காகத் தம் ஆட்களின் நேரத்தை ஒதுக்கித் தருவதும் வாடிக்கையாளரின் பொறுப்பு. அவ்விருவரும் எடுத்த முடிவுகளுக்கு உட்பட்டு ஆட்களையும் நாட்களையும் செலவையும் நடத்திச் செல்வது திட்ட மேலாளரின் பொறுப்பு. பாடநூல்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. திட்ட மேலாளருக்கு அதிகாரம் தரும் 'ப்ராஜெக்ட் சார்ட்டர்' ஸ்பான்சரிடமிருந்து வர வேண்டும் என்கிறது பிஎம்ஐ என்னும் திட்ட மேலாண்மை அமைப்பு வெளியிடும் பிம்பாக் வழிகாட்டி. பிரின்ஸ்2 என்னும் திட்ட மேலாண்மை முறையில் மேற்பார்வைக் குழுவில் வணிகத் தரப்பு, பயன்படுத்துவோர் தரப்பு, செய்து தருவோர் தரப்பு ஆகிய மூன்றுக்கும் இடம் உண்டு என்றாலும், 'எக்ஸிகியூட்டிவ்' என்னும் இறுதிப் பொறுப்பு ஒரே ஒருவரிடம்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும், சான்றிதழும் வைத்திருந்தேன். மற்ற இருவரும் எடுக்காமல் விட்ட முடிவுகளைத் திட்ட மேலாளர் தாமே எடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு, எல்லாப் பிரிவுகளின் பதிவுகளையும் ஒரே இடத்தில் கையாளும் ஈஆர்பி மென்பொருள் நிறுவும் பணி. நிர்வாக இயக்குநர்தான் ஸ்பான்சர். ஸ்டோர், கட்டிங், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் ஆகிய பிரிவுகள்தான் எங்களுக்கு வாடிக்கையாளர்கள். நான் மென்பொருள் நிறுவனத்தின் சார்பில் திட்ட மேலாளர். பின்னிய துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பினால் அதே எடையில் திரும்பி வராது. அந்தக் குறைவை 'ப்ராசஸ் லாஸ்' என்பார்கள். எத்தனை சதவீதம் வரை குறைந்தால் ஏற்பது, அதற்கு மேல் குறைந்தால் வந்த துணியை ஸ்டோர் கணக்கில் சேர்க்கும் 'இன்வேர்டு' பதிவைத் தடுப்பதா, எச்சரிக்கை மட்டும் காட்டினால் போதுமா என்று மென்பொருளில் முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். இது பணம் சம்பந்தப்பட்ட முடிவு, சாயப்பட்டறையோடு உள்ள உறவையும் தொடுகிற முடிவு.

நிர்வாக இயக்குநருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. உற்பத்தி மேலாளரிடம் போனால் ஸ்டோரில் கேட்கச் சொன்னார். ஸ்டோர் பொறுப்பாளர், "நீங்களே ஒரு அளவு போட்டு விட்ருங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மென்பொருள் நடைமுறைக்கு வரும் நாளான 'கோ லைவ்' தேதி நெருங்கிவிட்டது. அந்தத் தேதியும் நான் திட்டத்துக்குள் வருவதற்கு முன்பே எங்கள் விற்பனைப் பிரிவு வாக்களித்த தேதி. ஒரு வேலையைச் செய்யப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்காமல் அதற்கு நாள் குறிப்பது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பழைய ரசீதுகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்து, ஆறு சதவீதம், மீறினால் பதிவு தடுக்கப்படும் என்று நானே அமைத்தேன்.

கோ லைவ் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை மாலை சாயப்பட்டறையிலிருந்து லாரி வந்தது. அனுப்பியது 612 கிலோ, வந்தது 556 கிலோ, அதாவது ஒன்பது சதவீதத்துக்கு மேல் குறைவு. அது பிரஷ்டு ஃபிளீஸ் துணி. மேற்பரப்பைத் தேய்த்துப் பஞ்சு எழுப்பும்போது இழைகள் உதிர்வதால் அதில் எடை கூடுதலாகக் குறையும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் புரட்டிய ரசீதுகள் எல்லாம் சாதாரணத் துணிக்கு உரியவை. மென்பொருள் பதிவை ஏற்கவில்லை. ஸ்டோரில் இருந்தவர் துணியை இறக்கி ஓரமாக அடுக்கி, துணியோடு வந்த டெலிவரி சலானின் பின்புறம் பென்சிலால் எடையை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்வேர்டு ஆகாத துணியைக் கட்டிங்குக்குக் கொடுக்க வழியில்லை. திங்கட்கிழமை காலை கட்டிங் மேசைகள் வெறுமையாகக் கிடந்தன, கட்டிங் மாஸ்டர் கைகட்டி நின்றார்.

அன்றைய கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த ஆறு சதவீதத்தை முடிவு பண்ணினது யாரு?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களும் என் கைப்பேசியில் இருந்தன. அவற்றைக் காட்டுவதில் பயன் இல்லை என்று அந்த நொடியில் புரிந்தது. பதில் வரவில்லை என்பதற்கு அவை சான்றாகுமே தவிர, முடிவெடுக்க எனக்கு யாரும் அதிகாரம் தந்தார்கள் என்பதற்குச் சான்றாகமாட்டா.

நான் ஸ்பான்சரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மூன்று மின்னஞ்சல்களிலும் ப்ராசஸ் லாஸ் பற்றிய கேள்வி வேறு பதினோரு கேள்விகளுக்கு நடுவில் இருந்தது; இன்ன தேதிக்குள் முடிவு வராவிட்டால் இன்னது நிற்கும் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து முடிக்கும் அஜைல் முறையில் இந்தச் சிக்கலே வராது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையில், எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனர் ஒரு குழுவாக இல்லாமல் ஒரே நபராக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பதே, முடிவு யாருடையது என்பதில் குழப்பம் கூடாது என்பதற்காகத்தான்.

சிறிய நிறுவனத்தில் நடந்ததை வைத்துப் பேசுகிறேன் என்று தோன்றினால், கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருளைப் பாருங்கள். 155 மில்லியன் டாலர் என்று 2009இல் ஒப்புதல் பெற்ற பணிக்கு 274 மில்லியன் ஆகும் என்று 2012இல் ஒப்பந்த நிறுவனம் சொன்னபோது, பொறுப்பில் இருந்த அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்டு மேலே போகாமல், சம்பளம் போடுவதற்குத் தேவையான வசதிகளில் சிலவற்றை நீக்கியும் தள்ளிப்போட்டும் செலவை அடக்கப் பார்த்தார்கள். 2015இல் ஒரு துறையில் மட்டும் நடத்துவதாக இருந்த முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். 2016இல் மென்பொருள் நடைமுறைக்கு வந்தபின் அரசு ஊழியர்கள் பல்லாயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும், சிலருக்கு வராமலும் போனது. திட்ட மேலாண்மையிலும் மேற்பார்வையிலும் புரிந்துகொள்ள முடியாத தோல்வி என்று கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2018 அறிக்கை கூறியது. பணம் தருவதா என்பது ஸ்பான்சர் இடத்தில் இருப்பவர்கள் சொல்ல வேண்டியது. எந்த வசதி இல்லாமல் சமாளிக்க முடியும் என்பது சம்பளப் பிரிவுகள் சொல்ல வேண்டியது. இரண்டையும் நடுவில் இருந்தவர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அளவு வேறுதான் என்றாலும், நான் ஆறு சதவீதத்தில் செய்ததும் அதுவே.

ஆகவே, உங்கள் திட்டத்தில் நிலுவையில் இருக்கும் முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே ஒரு பெயரையும் ஒரு தேதியையும், அந்தத் தேதி தவறினால் எந்த வேலை நிற்கும் என்பதையும் குறியுங்கள். உங்கள் பெயர் எதிரில் இல்லாத முடிவை, எவ்வளவு அவசரமானாலும், நீங்கள் எடுக்காதீர்கள். வேலை நின்றால் நிற்கட்டும். நின்றிருக்கிறது என்பதை அன்றே ஸ்பான்சரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் வேலை தெரியாதவர் என்று பெயர் வரும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

அடுத்த ஆண்டு வேறொரு பின்னலாடை நிறுவனத்தில் இதே கேள்வி வந்தபோது, துணி வகைவாரியாக அளவுகளைப் போட்டு ஒரே ஒரு தாளாக எடுத்துக்கொண்டு போய், இதில் கையெழுத்தாகும் வரை ஸ்டோர் பகுதியைத் தொடங்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது நாட்கள் தாமதமாயிற்று, எங்கள் அலுவலகத்தில் திட்டும் வாங்கினேன். தாள் திரும்பி வந்தபோது பிரஷ்டு துணிக்கு நான் எழுதியிருந்த எண்ணை உற்பத்தி மேலாளர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் பத்து என்று எழுதியிருந்தார். அதன் கீழே முதலாளியின் கையெழுத்து இருந்தது.