வளவுக்குள்ள வாகனம் திரும்புமா? வாகனத் தரிப்பிடம் பற்றிய கேள்வி பதில்

நான் கட்டட வரைபடம் கீறுகிறவன். யாழ். மாநகர சபைக்கும் சுற்றவரப் பிரதேச சபைகளுக்கும் பிளான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. திரும்பி வருகிற பிளான்களில் தரிப்பிடக் குறை அடிக்கடி இருக்கும். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்தேன்.

ஒரு அடிப்படை விசயம் முதலில். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடமென்றால், 2021 ஜூலை 8ஆம் திகதி வந்த 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானி ஒழுங்குவிதிகளைத்தான் பார்க்கவேணும். 1986ஆம் ஆண்டு விதிகளை வைத்து இன்னும் கணக்குச் சொல்லுகிறவர்கள் இருக்கினம். அவையின்ரை பேச்சில் அத்திவாரம் வெட்டாதேங்கோ. எந்தப் பாவனைக்கு எத்தனை தரிப்பிடம் என்ற அட்டவணையைச் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்கலாம். அந்த எண்ணிக்கையை உங்கள் காணிக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் கஷ்டம். நான் இங்கே சொல்லப்போவதும் அதைத்தான்.

கேள்வி: ஐயா, கஸ்தூரியார் வீதிப் பக்கம் எங்கட காணி. முகப்பு 9 மீற்றர், உள்நீளம் 30 மீற்றர். கீழே கடை, மேலே இரண்டு மாடி அலுவலகம் போட யோசிக்கிறம். பின்பக்கம் பார்க்கிங் விடலாமெண்டு சொல்லுகினம். சரிவருமோ?

சரிவரும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு கடை மிஞ்சாது. ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். செங்குத்தாக நிறுத்தினால் பின்னுக்கு எடுத்துத் திருப்ப 6 மீற்றர் ஓடுபாதை வேணும். 4.8உம் 6உம் 10.8. உங்கள் காணி 9 மீற்றர் அகலம். அப்ப மதிலைப் பார்த்தபடி பக்கவாட்டில் கார் விடுகிற கதை முடிந்தது.

பின் மதிலைப் பார்த்து விடுங்கோ. 9 மீற்றருக்குள் 3 கார் நிற்கும், மிஞ்சுகிற 1.8 மீற்றர் மதிலோரக் கார்களின் கதவு திறக்க உதவும். அதுக்கு முன்னால் 6 மீற்றர் ஓடுபாதை. அதுக்கும் முன்னால் எதிர்வரிசை ஒன்று. வீதியிலிருந்து வருகிற 3 மீற்றர் வழி எதிர்வரிசையில் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும், ஆகவே அங்கே 2 கார். மொத்தம் 5. இதுக்குக் காணியின் நீளத்தில் 15.6 மீற்றர் போகுது. மிச்சம் 14.4 மீற்றர். அதிலும் முன்பக்கம் வீதிக்கோட்டுக்கும் (வீதியை அகலிக்க ஒதுக்கிய கோடு) கட்டட எல்லைக்கும் (அதைத் தாண்டிக் கட்டக்கூடாத கோடு) விடவேண்டியதைக் கழித்து, பக்கத்து வழி 3 மீற்றரையும் கழித்தால்தான் கடை.

சாய்வாக 45 பாகையில் விடலாம் என்று ஆரும் சொல்லுவினம். தரிப்பிடம் 5.1 மீற்றர், ஒருவழி ஓடுபாதைக்கு மிச்சம் 3.9 மீற்றர், 9 மீற்றருக்குள் பேப்பரில் அழகாக அடங்கும். ஆனால் சாய்வுத் தரிப்பிடம் ஒருவழிக்குத்தான். முன்னால் நுழைந்த கார் பின்னால் வேறொரு ஒழுங்கையால் வெளியேறவேணும். உங்களுக்குப் பின்னால் ஒழுங்கை இல்லையென்றால் கார் கஸ்தூரியார் வீதிக்குப் பின்பக்கமாகத்தான் இறங்கும். அந்த வீதியில் பின்னேரம் நாலு மணிக்கு அதைச் செய்து பார்த்தவருக்குத் தெரியும்.

நான் எந்தப் பிளானைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: வாகனம் முகத்தோடு உள்ளே வந்து, உள்ளேயே திரும்பி, முகத்தோடு வெளியே போகுமா?

மேல்மாடியைத் தரிப்பிடத்துக்கு மேலாக நீட்டலாம், இடம் வீணாகாது. தூண்களைக் கவனியுங்கோ. வீடு கட்டுகிற பழக்கத்தில் 12 அடிக்கு ஒரு தூண் போட்டால் இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கார்தான். 300 மில்லிமீற்றர் தூண் என்றால் மையத்துக்கு மையம் 5.1 மீற்றர் வையுங்கோ, இரண்டு கார் சுத்தமாக நிற்கும். இதைப் பொறியியலாளர் வளைக்கு (பீம்) கம்பிக் கணக்குப் பார்க்க முதல் சொல்லவேணும், பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை. உயரமும் அப்படித்தான். கூரை உயர்ந்த ஹைஏஸ் வான் 2.3 மீற்றர் கிட்ட வரும். வளைக்குக் கீழே 2.4 மீற்றராவது வெளியாக இருக்கட்டும்.

கேள்வி: அண்ணை, உரும்பிராயில 12 பரப்புக் காணி. கல்யாண மண்டபம் கட்டினால் எத்தனை கார் விடலாம்?

ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஓடுபாதையும் சேர்த்து ஒரு காருக்கு 25 தொடக்கம் 30 சதுர மீற்றர் என்று பிடியுங்கோ. அப்ப பரப்புக்கு எட்டுத் தொடக்கம் பத்துக் கார். மண்டபம், சமையல்கட்டு, கழிப்பறை, முன்பக்கம் எல்லாம் சேர்ந்து பாதிக் காணியை எடுத்தால் மிச்சம் 6 பரப்பில் ஐம்பது கார் மட்டில் விடலாம்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பயம் நேரத்தில்தான். கடைக்கு ஆட்கள் நாள் முழுக்க வந்து போவினம். மண்டபத்துக்கு முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி எல்லாரும் ஒன்றாக வருவினம், பந்தி முடிய எல்லாரும் ஒன்றாகப் போவினம். கேற்றில் காவலாளி ஒரு வாகனத்தை மறித்துக் கதைத்தால் பின்னால் பலாலி வீதி நிற்கும். ஆகவே உள்ளே வருகிற வாசலையும் வெளியே போகிற வாசலையும் வேறாக வையுங்கோ. கேற்றை வீதியோரத்தில் போடாமல் உள்ளே தள்ளிப் போடுங்கோ, மூன்று நாலு வாகனம் வளவுக்குள்ளேயே வரிசையில் நிற்கிற மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பஸ் பிடித்துத்தான் வருவினம். 12 மீற்றர் நீளமான பஸ் காருக்குக் கீறின மூலையால் திரும்பாது. அதை வாசலுக்குக் கிட்டவே இறக்கி, அந்த ஓடுபாதையால் நேரே வெளியே எடுக்கிற மாதிரி வழி கீறுங்கோ. மணவறைக்குச் செலவழிக்கிறதில் கொஞ்சத்தைத் தரிப்பிட விளக்குக்கும் வையுங்கோ.

கேள்வி: நான் ரொறன்ரோவில இருக்கிறன். இங்க 2021 டிசம்பரில பெரும்பாலான புதுக் கட்டடங்களுக்குக் கட்டாயம் இத்தனை பார்க்கிங் விடவேணும் எண்ட விதியையே எடுத்துப்போட்டினம். யாழ்ப்பாணத்தில ஏன் இன்னும் இந்தப் பழைய முறை?

தம்பி, கேள்வி நியாயமானது. கட்டாயத் தரிப்பிட விதி வாடகையைக் கூட்டும், கடையைச் சின்னதாக்கும், நகரத்தை வெறும் முற்றமாக்கும் என்று சொல்லுகிற திட்டமிடலாளர்கள் உலகம் முழுக்க இருக்கினம். நானும் பாதி அந்தப் பக்கம்.

ஆனால் உங்களுக்கு நிலக்கீழ் ரயில் இருக்கு, ராவிரவாக பஸ் இருக்கு. இங்கே மாலை ஏழு மணிக்குப் பிறகு உள்ளூர்ப் பாதைகளில் பஸ் கிடைக்கிறதே அருமை. விதியை எடுத்தால் வாகனம் குறையாது, ஆஸ்பத்திரி வீதி ஓரத்துக்கு வரும். அங்கே அம்புலன்ஸும் ஓட்டோவும் ஏற்கெனவே ஒன்றையொன்று முறைச்சுக்கொண்டு நிற்குது.

இங்கே மாற்றவேண்டியது வேறொன்று. பகலில் வங்கியும் அலுவலகமும், பின்னேரம் ரியூஷன் வகுப்பும், இரவில் சாப்பாட்டுக் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரிப்பிடம் போட்டு, ஒன்று நிரம்பியிருக்க மற்றது சும்மா கிடக்குது. நடுவிலிருக்கிற மதிலைத் திறந்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்து பகிர்ந்தால் போதும். எங்களுக்கோ மதில் கட்டுகிற அவசரம் கேற்றுக்கு இடம் விடுகிறதில் வராது.

கேள்வி: பார்க்கிங் விட இடமில்லாட்டில் காசு கட்டினால் போதுமாமே?

ஆம், விடமுடியாத தரிப்பிடங்களுக்குப் பதிலாகக் கட்டணம் அறவிடுகிற ஏற்பாடு இருக்கு. ஆனால் அது நீங்கள் கேட்ட உடனே கிடைக்கிற உரிமை இல்லை. இடம் உண்மையிலேயே இல்லையா என்று பார்த்துத் தீர்மானிக்கிறது அதிகாரிகள். இன்னொன்று, காசு கட்டின ரசீது உங்கள் வாடிக்கையாளருக்கு நிழல் தராது. வாகனம் விட இடமில்லாத கடையை நாலு பேர் தாண்டிப்போவினம்.

கேள்வி: நிலத்துக்குக் கீழே ஒரு தட்டு வெட்டிப் பார்க்கிங் விட்டால் என்ன? கொழும்பில எல்லாரும் செய்யினம்.

கொழும்பு வேறை, இது வேறை. எங்கள் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்குது. மாரியில் கிணற்றை எட்டிப் பாருங்கோ, தண்ணி எவ்வளவு மேலே நிற்குது என்று தெரியும். வெட்டுகிற காலம் முழுக்கத் தண்ணி இறைக்கவேணும். நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும், அயலவரின் கிணறும் கெடும். கட்டி முடிந்த பிறகும் நீரமுக்கம் தரையைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காசுக்கு நிலத்தட்டைத் தூணில் விட்டு ஒரு மாடி உயர்த்துங்கோ.

கேள்வி: வளவு முழுக்கக் கொங்கிறீற் போட்டால் சேறு இல்லாமல் இருக்கும்தானே? கிணறு ஒரு மூலையில இருக்கு.

அக்கா, போடாதேங்கோ. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற மழை வளவுக்குள் இறங்கினால்தான் ஆடியில் கிணற்றில் தண்ணி. முழுக்க மூடினால் அந்த மழை வீதி வாய்க்காலுக்குப் போகும், பிறகு ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். சில்லு ஓடுகிற இரண்டு பட்டைக்கு மட்டும் கொங்கிறீற் போட்டு, மிச்சத்துக்குச் சல்லி, அல்லது மண் நிரப்பிய துளைக்கல் போடலாம். இன்ரலொக் கல் பதிப்பதென்றால் கீழே சீமெந்துத் தளம் போடாமல் மணலில் பதியுங்கோ. தரையை நூறுக்கு ஒன்று சரித்து, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் தண்ணியை இறக்குங்கோ. வாகனத்திலிருந்து சொட்டுகிற எண்ணெய் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது.

கேள்வி: எங்கட ரியூட்டரிக்கு வருகிற பிள்ளையள் சைக்கிளிலயும் மோட்டச்சைக்கிளிலயும்தான் வருகினம். கார் கணக்கு எங்களுக்கு எதுக்கு?

விதியில் கார் கணக்கு இருந்தால் அதைக் காட்டத்தான் வேணும். ஆனால் ஒரு கார் இடத்தில், 4.8 மீற்றர் பக்கமாக அடுக்கினால் 5 மோட்டார் சைக்கிள் நிற்கும். பிளானில் இரண்டு சக்கரத்துக்குத் தனி இடம் காட்டி, பெற்றோரின் கார் ஏற்றி இறக்க ஒரு சின்ன வளைவு விட்டால் வகுப்பு விடுகிற நேரம் ஒழுங்கை அடைபடாது. சைக்கிளை வாசலுக்குக் கிட்ட விடுங்கோ. மூலையில் தள்ளினால் பிள்ளைகள் மதிலோரம் சாத்திப்போட்டுத்தான் வருங்கள், அவர்களைக் குறைசொல்ல ஏலாது.

கேள்வி: சக்கர நாற்காலிக்கு இடம் விடச் சட்டம் இருக்கோ?

இருக்கு. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகளும். நடைமுறையில் கார் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு 1.2 மீற்றர், ஆக 3.6 மீற்றர் அகலம். அங்கிருந்து வாசலுக்குப் படி இல்லாமல், பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தில்லாத சரிவு. போர் முடிந்த ஊரில் இதை ஒரு உத்தியோகத்தர் கேட்டுத்தான் போடவேணும் என்றிருக்கக் கூடாது. நிறைய இடங்களில் சரிவு போட்டு, அதன் அடியில் ஜெனரேற்றரை வைச்சிருக்கினம்.

கேள்வி: பிளானில பார்க்கிங் காட்டி, பிளான்படி கட்டினதுக்கு இணக்கச் சான்றிதழும் எடுத்தாச்சு. இப்ப அந்த இடத்தில ஒரு ஃபோன் கடை போட வாடகைக்குக் கேட்கினம்.

அனுமதித்த பாவனையை மாற்றுவதற்கும் அனுமதி வேணும். எடுக்காமல் செய்தால் அது அனுமதியில்லாத நிர்மாணம், அகற்றச் சொல்லி அறிவித்தல் வரலாம். வீட்டைக் கிளினிக் ஆக்குகிறவர்களுக்கும் இதே பதில்: சுவர் ஒன்றும் இடிக்காவிட்டாலும் பாவனை மாறினால் தரிப்பிடக் கணக்கும் மாறும். வாடகை ஆசை காட்டுகிறவருக்கு அறிவித்தல் வராது, உங்கள் பேருக்குத்தான் வரும்.

கேள்வி: தரிப்பிடத்துக்காக மூன்று பனை தறிக்கவேணும். எங்கட காணிதானே?

காணி உங்களுடையது, பெண் பனையென்றால் தறிக்க அனுமதி வேணும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கோ. அதுக்கு முதல் படவரைஞரிடம் மரம் நிற்கிற இடத்தைப் பிளானில் குறிக்கச் சொல்லுங்கோ. இரண்டு காருக்கு நடுவில் ஒரு பனை நிற்க இடம் கிடைக்காமல் போகாது.

கேள்வி: கோட்டைக்குக் கிட்ட ஒரு காணியைக் கட்டண வாகனத் தரிப்பிடமாக்கலாமா? கட்டடம் ஒன்றும் இல்லை, தரை மட்டும்தான்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 400 யாருக்குள் என்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்கவேணும். தரை மட்டும்தான் என்று அகழ இறங்காதேங்கோ. மாநகர சபை அனுமதி தனி.

கேள்வி: வீட்டுக் கேற்றுக்கு முன்னால வாய்க்கால் ஓடுது. மண் போட்டு மூடித்தான் கார் ஏத்துறம். பிளான் போட்டால் பிரச்சினை வருமோ?

வரும், பிளான் போடாவிட்டாலும் மாரியில் வரும். வீதி ஆருடையது என்று முதலில் பாருங்கோ. ஏ, பி தர வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்ளூர் ஒழுங்கையென்றால் சபை. அவர்களின் அனுமதியோடு மூடி போட்ட மதகு வையுங்கோ. மூடியைக் கழற்றித் துப்புரவாக்கக் கூடியதாக இருக்கவேணும். குழாய் வைப்பதென்றால் சின்னக் குழாய் வைக்காதேங்கோ, முதல் மழைக்கே குப்பை அடைக்கும். ஒழுங்கை 10, 12 அடி என்றால் கேற்றை 3 மீற்றரில் நிறுத்தாமல் அகலமாக்குங்கோ. ஒடுங்கின ஒழுங்கையிலிருந்து கார் ஒரே வெட்டில் ஏறுவது வாசலின் அகலத்தில்தான் இருக்கு. கேற்றை வெளிப்பக்கம் திறக்கிறமாதிரி மாட்டாதேங்கோ. தள்ளுகேற் என்றால் இன்னும் நல்லது.