சிறப்புப் படைத் தேர்வுக்கு உடம்பு தயார், மனதை எப்படித் தயார் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தினமும் ஓடுகிறேன், தண்டால் நூறைத் தாண்டிவிட்டது, உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் தேர்வில் 90 சதவீதம் மனசுதான் என்கிறார்களே, அந்த மனசை எப்படிப் பழக்குவது?

அந்த 90 சதவீதக் கணக்கை யார் போட்டார்களோ! போட்டவர் முதுகில் இருபது கிலோவைச் சுமந்துகொண்டு ராத்திரி முழுக்க மழையில் மலை ஏறியிருக்க மாட்டார் என்று மட்டும் அடித்துச் சொல்வேன். இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன்னால் ஒன்று. எந்த நாடு, எந்தப் படை, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தேறினேன், சில ஆண்டுகள் இருந்தேன், இப்போது படி இறங்கும்போது முழங்கால் இரண்டும் சத்தம் போடுகின்றன. என் தகுதி அவ்வளவுதான். நான் மருத்துவனும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை.

உங்களைப் பற்றி நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறேன். வயது இருபதை ஒட்டி இருக்கும். விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறீர்கள், அதை மனப்பயிற்சி என்று நினைக்கிறீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, சமதரையில், நல்ல ஷூ போட்டுக்கொண்டு, பை எதுவும் இல்லாமல் ஓடுகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு தயார். இதையெல்லாம் கேலி செய்யவில்லை, எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறோம். ஆனால் 'உடம்பு தயார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நுழைவுச் சோதனை எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்கக் கடற்படையின் சீல் என்கிற சிறப்புப் படையின் பயிற்சிக்குப் போக 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓட வேண்டும், பத்து புல்-அப் எடுக்க வேண்டும். பள்ளி அணியில் விளையாடும் பையன்கூடச் செய்துவிடுவான். அது வாசல்படி. உள்ளே போனால் 'ஹெல் வீக்' என்று ஐந்தரை நாள். அத்தனை நாளுக்கும் சேர்த்தே மொத்தத் தூக்கம் நாலு மணி நேரம்தான், குளிர்ந்த கடலிலும் மணலிலுமாக உருட்டி எடுப்பார்கள். பிரிட்டன் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். தேர்வில் மலைக் கட்டமே முதல் சல்லடை. வேல்ஸில் பென் இ ஃபேன் என்று ஒரு மலை, உயரம் வெறும் 886 மீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். பையையும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப அதே வழியாக வர வேண்டும், மொத்தம் 24 கிலோமீட்டர். அந்தக் கட்டத்தின் கடைசி நடையோ 64 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்குள். வழிகாட்டிப் பலகை எதுவும் கிடையாது. அவரவர் மேப், அவரவர் காம்பஸ்.

1960களின் தொடக்கத்தில் எஸ்.ஏ.எஸ். படையோடு இருந்து பார்த்த அமெரிக்க அதிகாரி சார்லஸ் பெக்வித், ஊர் திரும்பிப் பல ஆண்டு மன்றாடி 1977இல் டெல்டா என்கிற அமெரிக்க ராணுவச் சிறப்புப் படையைத் தொடங்கினார். அங்கேயும் அதே மாதிரி நீண்ட நடை. நேர வரம்பு உண்டு, ஆனால் எவ்வளவு என்று நடப்பவனிடம் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தேர்விலும் சொல்லவில்லை. 'முடிந்த அளவு வேகமாக வா' என்பார்கள், அவ்வளவுதான். சினிமாவில் வருவது போல முகத்துக்கு நேரே நின்று கத்துகிற ஆள் ஒருவரும் இல்லை. அதற்குத் தயாராக வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். திட்டினால் கோபம் வரும், கோபம் வந்தால் கால் நடக்கும். இவர்கள் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. செக் பாயின்ட்டில் ஒரு சின்னக் கூடாரம், உள்ளே ஒரு பயிற்றுநர், கையில் குறிப்பேடு. 'எங்கே இருக்கிறாய், காட்டு.' மேப்பை விரித்துப் புல் நுனியால் தொட்டுக் காட்ட வேண்டும். விரலால் காட்டினால் அந்தப் பார்வையே போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டராகிற 1:50,000 மேப்பில் ஒரு விரல் நுனி முக்கால் கிலோமீட்டரை மறைத்துவிடும். நீ நிற்கும் இடம் உனக்கே தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த செக் பாயின்ட் மேப்பில் எங்கே என்று காட்டும் எண்ணைச் சொல்வார், எழுதிக்கொள்ளக் கூடாது, மனதில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். ஓட்டத்தில் அவனை யாரும் தொட முடியாது. தூங்குகிற நேரத்தில்கூட அடுத்தவன் பையைச் சரிசெய்து கொடுப்பான். இவன் தேறாவிட்டால் யாருமே தேற மாட்டார்கள் என்று நாங்களே பேசிக்கொண்டோம். கடைசிக்கு முந்தைய நடை, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நான் செக் பாயின்ட்டுக்கு வந்தபோது அவன் ஏற்கனவே அங்கே இருந்தான். பயிற்றுநர் அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்திருந்தார். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அன்பான குரல். 'உட்காருப்பா. ரொம்ப தூரம் வந்துட்ட. இதுல ஒண்ணும் அவமானம் இல்லை. வண்டி கீழேதான் நிக்குது, ஹீட்டர் போட்டிருக்கு.' அதே டீயை என்னிடமும் நீட்டினார். நின்றுகொண்டே குடித்தேன், எண்ணை வாங்கிக்கொண்டு நடந்தேன். அவன் வண்டிக்குப் போய்விட்டான்.

மறுநாள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். 'உடம்பு இருந்தது, மனசு இல்லை.' பயிற்றுநர்கள் அல்ல, கூடவே இருந்தவர்கள். அதில் பாதிப் பேர் அடுத்த நடையிலேயே வெளியே போனார்கள், அது வேறு.

எனக்குத் தெரிந்தது இது. அவன் பையில் கொடுத்த தீனி எல்லாம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பை மாற்றும்போது என் கண்ணால் பார்த்தேன். களைப்பு ஒரு அளவைத் தாண்டினால் வயிறு எதையும் வாங்காது, குமட்டும். 'அடுத்த இடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். நனைந்த உடம்பு, இறங்கிய சர்க்கரை, வேகம் குறைந்ததும் குளிர் பிடித்திருக்கும். அந்த நிலையில் யாருக்குமே உலகம் இருண்டுதான் தெரியும். நீங்கள் யார், எவ்வளவு தைரியசாலி என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நான் அவனைவிட மெதுவாக ஓடுகிறவன். ஆனால் பயிற்சிக் காலத்திலேயே நடந்துகொண்டே தின்னப் பழகியிருந்தேன். பசி இருக்கிறதோ இல்லையோ, அரை மணிக்கு ஒரு தரம் ஒரு சாக்லேட் துண்டு அல்லது ரெண்டு பிஸ்கட். வாயில் மென்று, தண்ணீர் விட்டு விழுங்கி, குமட்டினாலும் விழுங்கி. இதை வீடியோவில் யாரும் சொல்ல மாட்டார்கள், பார்க்க அழகாக இருக்காது.

'அப்படியானால் மனசே வேண்டாமா, என்ன பேத்தல்' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: வேண்டும். வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தூக்கமும் சோறும் சூடும் போன பிறகு மிஞ்சுகிற கொஞ்சத்தை வைத்துத்தான் மனசு வேலை செய்கிறது. அந்த மிச்சம் எவ்வளவு என்பதை உங்கள் கால், வயிறு, தோள் மூன்றும்தான் முடிவு செய்கின்றன. 

அதனால் காலில் தொடங்குங்கள். தேர்வுக்குப் போடப்போகும் பூட்ஸை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே கெட்டி சாக்ஸ். எந்த இடம் சூடாகிறது என்று தெரிந்துகொண்டு, கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே அங்கே டேப் ஒட்டிவிட வேண்டும். சுருக்கம் இல்லாமல், ஓரம் மடங்காமல், காய்ந்த தோலில். நான் வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு டேப் ஒட்டிப் பழகினேன், ஏனென்றால் அங்கே இருட்டில், விறைத்த விரலால்தான் ஒட்ட வேண்டிவரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

பை எடையை மெதுவாக ஏற்றுங்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது, அதுவும் சோம்பேறிகளுக்கு விழாது, ஆர்வக்கோளாறுகளுக்குத்தான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பையோடு வேகநடை போதும். பையோடு ஓடாதீர்கள், ஏற்றத்தில் அடியைச் சுருக்கிப் போடுங்கள். இடுப்புக்கும் முதுகுக்கும் எடைத் தூக்கல் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டால் கணக்கை விடுங்கள், அது நூறோ இருநூறோ, மலைக்குக் கவலை இல்லை. நீச்சல் உள்ள தேர்வு என்றால் தனியாக மூச்சடக்கிப் பழகவே பழகாதீர்கள். தண்ணீருக்குள் நினைவு தப்பினால் பக்கத்தில் ஆள் இல்லாமல் மேலே வர வழி இல்லை.

மனசுக்கு என்று நான் செய்தவை மிகவும் சின்ன விஷயங்கள். மொத்தத் தூரத்தை நினைக்க மாட்டேன். அந்த வேலி வரைக்கும், அப்புறம் அந்தப் பாறை வரைக்கும். பயம் ஏறும்போது மூச்சை நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணிப் பிடித்து, நாலு எண்ணி விட்டு, நாலு எண்ணி நிறுத்துவேன், பல படைகளில் சொல்லித் தருவதுதான். உட்கார்ந்திருக்கும்போது எந்த முடிவும் எடுக்க மாட்டேன். விலகுவதென்றால் அடுத்த செக் பாயின்ட்டுக்கு நடந்து போய், ஏதாவது தின்றுவிட்டு, அங்கே விலகலாம் என்று எனக்குள் ஒப்பந்தம். தின்றுவிட்டால் பெரும்பாலும் அந்த ஆசை போய்விடும். இதையெல்லாம் சோர்ந்த உடம்போடு பயிற்சிக் காலத்திலேயே செய்து பார்த்தால்தான் அங்கே வரும். பச்சைத் தண்ணீர்க் குளியலில் வராது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், 'எல்லாம் மனசுதான்' என்பது வெறும் தப்பு மட்டும் இல்லை, ஆளைக் கொல்லும். 2013 ஜூலையில் எஸ்.ஏ.எஸ். படையின் ரிசர்வ் (பகுதி நேர) பிரிவுக்கான தேர்வின்போது அதே வேல்ஸ் மலையில் கொளுத்தும் வெயிலில் நடந்த மூன்று பேர் வெப்பத் தாக்குதலால் இறந்தார்கள். விசாரணையில் அலட்சியம் என்றே தீர்ப்பானது. இறந்தவர்களுக்கு மனவலிமை குறைவா? நிறுத்தாமல் போனார்கள், அதுதான் நடந்தது. 2022 பிப்ரவரியில் ஹெல் வீக்கை முடித்த ஒரு இளைஞர் சில மணி நேரத்திலேயே நிமோனியாவால் இறந்தார். வெயிலில் நடக்கும்போது வியர்வை நின்றாலோ பேச்சு குழறினாலோ அது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை கரைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து, உப்பு இறங்கிவிடும்.

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் பையன்களை என்னிடம் கூட்டி வருகிறார்கள். 'எந்நேரமும் போனும் கையுமா இருக்கான் சார், நாலு வார்த்தை சொல்லுங்க, உங்களைப் பார்த்தா பயப்படுவான்.' நான் என்ன பூச்சாண்டியா? அந்தப் பையனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தலையைக் குனிந்து நிற்பான். ஒருமுறை ஒரு அப்பா என் முன்னாலேயே மகனைப் பார்த்து 'உனக்கெல்லாம் மனசுல தெம்பே இல்லடா' என்றார். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், மகனிடம் இல்லை, அப்பாவிடம். இப்போது எதிரே வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நல்லது. ஒழுக்கம் என்றால் யாரையாவது நிற்க வைத்துத் திட்டுவது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? என்னைத் தேர்வு செய்தவர்கள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். தேர்வுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அரை வருஷத்துக்கு மேல் இருந்தால் இன்றைக்கே பத்துக் கிலோவோடு தொடங்குங்கள், ஓட்டத்தில் பாதியைக் குறைத்துவிடுங்கள், நடக்கும்போது தின்னப் பழகுங்கள். மேப் படிக்கத் தெரியாதென்றால் முதல் வேலை அதுதான். இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது, இதுவரை பை தூக்கியதே இல்லை என்றால் இந்த முறை போகாதீர்கள், அடுத்த தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். வயது வரம்பு இடிக்கிறது, இந்த முறையை விட்டால் வாய்ப்பே இல்லை என்றால் மட்டும் போய்ப் பாருங்கள். அதுவும் கீழ்க்கால் எலும்பில் ஒரு இடத்தை மட்டும் தொட்டால் வலிக்கிறது என்கிற நிலை இருந்தால் அதையும் செய்யாதீர்கள்.