ஒரே பாக்டீரியாவுக்கு எத்தனை பெயர்?

கேள்வி: என் தந்தை காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறார். அது மண் பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து என்றார்கள். ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் அந்தப் பாக்டீரியாவின் பெயர் மாறுகிறதே, எது சரி? - வாசகி, தென்காசி

பதில்: அமைக்கோலடாப்சிஸ் மெடிடரேனியை. இன்றைக்கு இதுதான். (சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பதற வேண்டாம், அது மருந்தின் நிறம்.)

1957இல் தென் பிரான்ஸில், சேன் ரஃபேல் அருகே ஒரு பைன் காட்டு மண் இத்தாலியின் லெபெட்டிட் நிறுவன ஆய்வகத்துக்குப் போனது. அதில் கிடைத்ததற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் மெடிடரேனியை என்று பெயரிட்டார்கள். அந்நாளில் மண்ணில் இழையிழையாக வளர்ந்து மருந்து சுரந்தால், பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கணக்கில்தான் எழுதுவார்கள். 1943இல் நுண்ணுயிரியலாளர்கள் வாக்ஸ்மனும் ஹென்ரிசியும் உருவாக்கிய பேரினம் அது. அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) அதன் திட்டு, அதாவது ஒன்றாக வளர்ந்த கூட்டம், உலர்ந்து, மேலே சாக்பீஸ் தூள் படிந்தது போலிருக்கும். அடியில் வேர்விட்டுப் பிடித்திருப்பதால் கம்பி வளையத்தால் எடுக்கப் போனால் லேசில் வராது. என் மாணவர்கள் அகாரையே பெயர்த்துவிடுவார்கள். தட்டின் மூடியைத் திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசம். இந்த நிறத்தையும் வித்துச் சங்கிலியின் வடிவத்தையும் பார்த்து இனம் பிரித்த காலம் அது.

பிறகு செல்சுவரைக் கரைத்துச் சோதிக்கும் வேதியியல் வந்தது. சுவர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சுவராக இல்லை என்பதால் 1969இல் நொகார்டியா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் பொருந்தவில்லை. நொகார்டியாவின் செல்சுவரில் இருக்க வேண்டிய மைக்காலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இதில் இல்லை. 1986இல் நுண்ணுயிரியலாளர்களான லெஷவாலியே தம்பதியரின் குழு இதற்கென அமைக்கோலடாப்சிஸ் என்ற தனிப் பேரினமே அமைத்தது. போர்னியோ மண்ணில் பிறந்த வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தின் பாக்டீரியாவும் இதே மூன்று வீடுகள் மாறியதுதான். 2004இல் இன்னொரு திருப்பம்: மெடிடரேனியை என்ற பெயரில் சேமித்திருந்த ஒரு வகையைத் தில்லிப் பல்கலைக்கழகத்தினர் சகாக்களுடன் மரபணுவைக் கொண்டு பிரித்து, ரிஃபாமைசினிக்கா என்று தனி இனமாக்கினார்கள்.

இந்த மாற்றங்களில் எனக்குக் குறையில்லை. எரிச்சலூட்டுவது வேறு. காப்புரிமைக்காக மருந்து நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு புது இனப்பெயர் சூட்டியதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பெயர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. 1980 ஜனவரி 1இல் வந்த, பாக்டீரியாப் பெயர்களின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல்தான் அந்தக் குப்பையை ஓரளவு கூட்டித் தள்ளியது.

கேள்வி: எங்கள் தோட்ட மண்ணில் புதிய பாக்டீரியா கிடைத்தால் என் பெயரை வைக்கலாமா? - கல்லூரி மாணவர், தேனி

பதில்: சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே பாக்டீரியாக்களுக்குப் பெயரிடும் விதிநூல் பரிந்துரைக்கிறது. ஊர்ப் பெயரை வைக்கலாம். புணே அருகே பிம்பிரியில் கிடைத்து, ஹமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைத் தந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்பிரினா. ஆனால் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரில் ஒன்று இருக்கிறது. முதலில் திட்டைத் தூய்மையாகப் பிரித்தெடுங்கள், பெயர் அப்புறம்.