ஒரு சொப்பின் பையால் என்ன வந்துவிடும்?

கேள்வி: பையைக் குறை, குப்பையைப் பிரி என்று இப்போது எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் குடியேறிய எங்களுக்குத்தானா இதுவும்? நான் ஒருத்தி சொப்பின் பையை விட்டால் உலகம் திருந்திவிடுமா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உலகத்தை விடுங்கள் அம்மா, உங்கள் வளவைப் பார்ப்போம். சந்தையால் வந்த பைகள் கடைசியில் என்ன ஆகின்றன? பின்னேரம் சருகோடு கூட்டி நெருப்பு வைக்கிறோம். அந்தக் குவியலில் பை மட்டுமா கிடக்கிறது? உடைந்த பிவிசி குழாய், வயர்த் துண்டு எல்லாம் கிடக்கும். பிவிசி இப்படிக் குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. புகை கலைந்தாலும் அது கலையாது. புல்லில் படிந்து, மேய்ந்த மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலில் இறங்கும். அந்தப் பாலைத்தான் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம்.

எரிக்காமல் விட்டதை மாரி வெள்ளம் வாய்க்காலுக்குக் கொண்டுபோகிறது. போன மாரியில் ஒரு மதகடியில் நின்றேன். வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கமக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடைத்திருந்ததைக் கையால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டார். பாதி சல்வீனியா என்ற நீர்க்களை, பாதி சொப்பின் பை. ஒரு பைக்குள் கட்டியபடியே கத்தரிக்காய்க் காம்புகள் இருந்தன.

இழந்தவர்களுக்கு இதுவுமா என்ற உங்கள் கோபம் நியாயமானது. 1990களின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். அது நம்மீது விழுந்த தண்டனை, அதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வராது. அந்த வறுமைக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பையை வேண்டாம் என்று சொல்வதில் வறுமை எதுவும் இல்லையே.

சட்டமும் இருக்கிறது. சோறு சுற்றும் லஞ்ச் சீற்றும், 20 மைக்ரோன் அல்லது அதற்கும் குறைந்த தடிப்புள்ள மெல்லிய பொலித்தீனும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. ஆனால் கடைக்காரர் பையை விரிக்கும்போது ‘வேண்டாம் அண்ணை’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சரி, நாளைக்கே தொடங்குங்கள். மரக்கறிக்குப் பனையோலை உமல், மீனுக்கு மூடி போட்ட வாளி. இரண்டையும் சைக்கிளிலேயே கொழுவி விடுங்கள், வீட்டில் வைத்தால் மறந்துவிடும்.